காலி டிரம்

எங்கள் நிலையத்தில் ஒரு டிரம் காலியானால் டெலானிபூர் மேட்டுக்கே தெரிந்துவிடும். பிற்பகலில், தொழிலாளர்கள் குளித்துவிட்டுக் கிளம்புகிற நேரத்தில், கொட்டகைக்குப் பின்னாலிருந்து கடப்பாரை இறங்கும் ஓசை மூன்று முறை கேட்கும். அடியில் ஒன்று, வயிற்றில் ஒன்று, மூடியில் ஒன்று. தடித்த தகடு என்பதால் ஓசையும் தடித்திருக்கும். சரிவில் குடியிருந்த பெண்கள் அதைக் கேட்டதும், "போச்சு, இன்னொண்ணு" என்று சொல்லிக்கொண்டு வேலையைப் பார்ப்பார்கள்.

அடித்தவர் எங்கள் மேடம். அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. கையெழுத்துப் போட வேண்டிய இடம் தவிர வேறெங்கும் தம் பெயர் இருப்பதை அவர் விரும்பியதில்லை. அப்போது அவருக்கு நாற்பது வயதிருக்கும். என்னைவிட நான்கு வயது மூத்தவர். மெலிந்த உடம்பு. புடவையை முழங்காலுக்குக் கீழே இழுத்துச் செருகி, மேலே காக்கி முழுக்கைச் சட்டை, காலில் ரப்பர் பூட்ஸ். தொழிலாளர்களில் யாரிடமாவது கடப்பாரையைக் கொடுத்து அடிக்கச் சொல்லியிருக்கலாம். சொன்னதில்லை. தமிழ்க்காரர்கள் முதுகுக்குப் பின்னால் அவரைக் கடப்பாரை மேடம் என்றார்கள். நேரில் பெரும்பாலோருக்கு அவர் மேம்சாப்.

நிலையம் என்று நான் சொல்வது மெயின்லாந்தில் இருந்த ஒரு தேசிய ஆய்வுக்கூடத்தின் சிறு கிளை. அறுபதுகளின் தொடக்கத்தில் போர்ட் பிளேரில் திறந்தார்கள். உப்புநீரில் நிற்கும் மரத்தைத் துளைத்துத் தின்னும் புழு ஒன்று உண்டு. தீவுகளின் ஜெட்டித் தூண்களை அது சில ஆண்டுகளில் தேன்கூடாக்கிவிடும். அதைத் தடுக்க மருந்து ஏற்றிய பலகைகளைக் கடலில் தொங்கவிட்டு, மாதம் ஒருமுறை தூக்கிப் பார்த்துக் குறித்துக்கொள்வதுதான் எங்கள் வேலை. மேடம் பொறியியல் படித்தவர். மருந்து கலப்பது, மரத்தில் ஏற்றுவது, விஷத்தைக் காப்பது மூன்றும் அவர் பொறுப்பு. நான் ஸ்டோர் கீப்பர்.

அந்த மருந்தில் மயில்துத்தம் இருந்தது, வேறொரு உப்பு இருந்தது, ஆர்சனிக் இருந்தது. கடைசியாகச் சொன்னதைத் தொழிலாளர்கள் பாஷாணம் என்றார்கள்; அதுவே சரியான சொல். சித்த மருத்துவ நூல்கள் பாஷாண வகைகள் அறுபத்து நான்கு என்று கணக்குச் சொல்லும். எங்களிடம் இருந்தது ஒரே வகை. வெள்ளைப் பொடி. நீரில் சர்க்கரைபோல் கரையும். வாடையும் கிடையாது, நிறமும் கிடையாது. இரும்பு டிரம்களில் கப்பலேறி வரும்.

டிரம் என்றால் தீவில் என்ன என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. எட்டு மாதம் மழை கொட்டுகிற ஊரில் மாசி பிறந்துவிட்டால் குடிக்கத் தண்ணீர் கிடையாது. ஆறு இல்லை. குழாயில் அரைமணி நேரம் வருவதற்கு ஒரு மணி நேரம் வரிசையில் நிற்க வேண்டும். தகரக்கூரை, அதன் விளிம்பில் பிளந்த மூங்கில், மூங்கிலின் வாயில் ஒரு டிரம். இது இருந்தால் குடும்பம் பிழைத்தது. தார் வந்த டிரம், டீசல் வந்த டிரம், எதுவானாலும் கப்பலிலிருந்து இறங்கும்போதே யாருக்குப் போகப்போகிறது என்று பேசி முடிந்திருக்கும். எங்கள் ஜனங்களில் பெண்ணுக்குச் சீராக அண்டா, குத்துவிளக்கோடு ஒரு டிரம்மும் வைக்கும் வழக்கம் வந்துவிட்டது. பெண் வீட்டில் அதைப் புழங்கக்கூடாது. மாப்பிள்ளை வீட்டுக் கூரையடியில் வைத்து, மணமகள் முதல் குடம் ஊற்ற, வந்தவர்கள் எல்லோரும் அதில் ஒரு வாய் குடிப்பார்கள்.

அப்படிப்பட்ட ஊரில் நல்ல டிரம்மைக் கடப்பாரையால் குத்தி, சம்மட்டியால் தட்டையாக்கி, சிமென்ட் குழியில் போட்டு மூடினால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

அபர்தீன் பஜாரில் மளிகைக் கடை வைத்திருந்த பாய் ஒருவர் ஒருநாள் நேருக்கு நேராகவே கேட்டார். நானும் உடன் இருந்தேன்.

"ஏன் மேடம், அல்லா மழையைக் குடுக்கிறான். பிடிக்கிறதுக்குப் பாத்திரம் இல்ல. நீங்க இருக்கிற டிரம்மையும் குத்திப் போடுறீங்க. இது நியாயமா?"

"பாய், பினாயில் வந்த பாட்டில்ல தேன் ஊத்தி விப்பீங்களா?"

"நல்லா கழுவிட்டுத்தான் ஊத்துவேன்."

"அதுக்குத்தான் குத்தறேன்" என்று சொல்லிவிட்டு, துவரம்பருப்பு அரைக்கிலோ கேட்டார். பாய் சிரித்துக்கொண்டே கட்டிக் கொடுத்தார். மேடம் சிரிக்கவில்லை.

கழுவினால் போய்விடும் என்று சொல்கிறவரை அவர் நம்பவே மாட்டார். காலியான எதையும் அவர் காலி என்று ஒப்புக்கொண்டதில்லை. ஆய்வறைக் குடுவை காலியானால் உடைப்பார். சாக்கு காலியானால் எரிப்பார், அதுவும் காற்று கடலை நோக்கி அடிக்கிற நாளாகப் பார்த்து. டிரம்மை அது காலியான அன்றே குத்துவார். அதற்கென ஒரு பதிவேடு வைத்திருந்தோம். எண், பொருள், காலியான நாள், ஓட்டை போட்ட நாள், கையெழுத்து, குறிப்பு என்று ஆறு கட்டங்கள். காலியான நாளும் ஓட்டை போட்ட நாளும் வரிக்கு வரி ஒன்றாகவே இருக்கும். குறிப்பு என்ற கட்டம் பக்கம் பக்கமாக வெறுமையாகக் கிடக்கும். தேதிகளோடு வாழ்கிறவன் நான். கப்பல் வந்த நாள், போன நாள், முதல் மழை, தபால் பை எல்லாவற்றையும் குறித்து வைப்பவன். எனக்கே அந்தப் பதிவேடு சலிப்பூட்டியது.

அவர் ஏன் அப்படி ஆனார் என்பதற்கு மூன்று கதைகள் உலவின. மெயின்லாந்து ஆய்வுக்கூடத்தில் ஒரு காவலாளியின் குடும்பம் காலி டப்பா ஒன்றில் உப்பு வைத்துப் புழங்கியது என்பது ஒன்று. அவருக்கு நிச்சயமான மாப்பிள்ளையே அப்படி இறந்தார் என்பது இரண்டு. அதெல்லாம் ஒன்றுமில்லை, பிறவிக் குணம் என்பது மூன்று. மூன்றையும் என் நாட்குறிப்பில் எழுதி வைத்தேன். எதற்கும் சான்று கிடைக்கவில்லை.

தொழிலாளர்களுக்கு வெல்லம் கொடுக்கும் வழக்கத்தையும் சொல்ல வேண்டும். விஷத்தோடு வேலை செய்கிறவன் வெல்லம் தின்றால் விஷம் முறியும் என்று ஒரு நம்பிக்கை. ஆட்கள் கேட்டார்கள். மேடம் உடனே சம்மதித்தார். திங்கள்தோறும் காலையில் அவரே நின்று கொடுப்பார். "ரெண்டு கையையும் நீட்டு" என்பார். நீட்டிய கைகளைப் பார்த்துவிட்டு வெல்லத்தை வைப்பார். வெல்லத்தால் என்ன பயன் என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"ஒரு பயனும் இல்லை, ஸ்டோர் சார். ஆனா வேற எதுக்குக் கூப்பிட்டா இவங்க வாரா வாரம் வந்து உள்ளங்கையைக் காட்டுவாங்க? புள்ளி, தடிப்புன்னு பாஷாணம் முதல்ல அங்கதான் எழுதும்."

அந்த வரிசையில் முதல் ஆள் எப்போதும் மாரிமுத்து. ராமநாதபுரத்துக்காரன். பலகை தூக்குவதில் அவனுக்கு இணை கிடையாது. அவனுடைய அக்காவும் மச்சானும் வடக்கே திக்லிபூர் பக்கம் நிலம் கிடைத்துக் குடியேறியிருந்தார்கள். அக்கா மகள் ராக்குவுக்கு வைகாசியில் கல்யாணம்.

சித்திரைக் கடைசியில், ஒரு செவ்வாய்க்கிழமை, பாஷாண டிரம் ஒன்று காலியானது. அன்றுதான் மேடம் கார் நிக்கோபாருக்குக் கிளம்ப வேண்டும். அங்கே ஜெட்டியில் எங்கள் பலகைகள் தொங்கிக்கொண்டிருந்தன. பிற்பகலில் கிளம்பும் என்றிருந்த கப்பல் முற்பகலிலேயே ஊதிவிட்டது. கையில் பெட்டியோடு கொட்டகை வாசலில் நின்று அந்த டிரம்மைப் பார்த்தார்.

"வந்ததும் போடறேன். கதவைப் பூட்டி வையுங்க."

பூட்டினேன். சாவி என்னிடம்தான் இருந்தது.

மறுநாள் மாரிமுத்து வந்தான். உடன் அவன் மச்சானும் வந்திருந்தார். கல்யாணச் சாமான் வாங்கப் போர்ட் பிளேர் வந்தவர், வெள்ளிக்கிழமைக் கப்பலில் திரும்புகிறார். எல்லாம் வாங்கியாகிவிட்டது; டிரம் மட்டும் கிடைக்கவில்லை.

"பாபு, பஜார் பூரா தேடியாச்சு. தார் டிரம்கூட இல்ல. மாப்பிள்ளை வீட்டுல நாக்கைப் பிடுங்குற மாதிரி கேப்பாக. உள்ள ஒண்ணு காலியாத்தானே கெடக்கு?"

"அது பாஷாணம் இருந்தது, மாரி."

"கழுவிக்கிறேன் பாபு. புளி, சாம்பல் போட்டு ஏழு தடவ கழுவுறேன். மேம்சாப் எப்படியும் குத்தித்தானே போடப்போகுது. ஒரு பொண்ணு வாழட்டுமே."

நான் படித்தவன். கரைகிற பொருள் கரைந்து போய்விடும் என்று படித்திருந்தேன். ஏழு முறை கழுவிய பிறகு எஞ்சுவதற்கு என்ன இருக்கிறது, இந்த அம்மாள் ஊர் வயிற்றெரிச்சலை எதற்குக் கொட்டிக்கொள்கிறார் என்ற எண்ணம் எனக்கும் நெடுநாளாக இருந்தது. சரி என்றேன். வியாழக்கிழமை அவனும் நானும் சேர்ந்தே கழுவினோம். ஏழாவது முறை ஊற்றிய நீர் பளிங்குபோல் இருந்தது. வெள்ளிக்கிழமை டிரம் கப்பலேறியது. சனிக்கிழமை காலை, சாலை போடுகிறவர்கள் ஓடையில் தள்ளியிருந்த நசுங்கிய தார் டிரம் ஒன்றை மாரிமுத்து உருட்டி வந்தான். நிமிர்த்தி, மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, போய்விட்ட டிரம்மின் எண்ணை அதன்மேல் என் கையாலேயே எழுதினேன்.

அந்த வியாழனுக்கு நேரே என் நாட்குறிப்பில் "வெயில். தபால் இல்லை" என்று மட்டும் இருக்கிறது.

சனிக்கிழமை பிற்பகல் மேடம் திரும்பினார். வீட்டுக்குப் போகவில்லை. ஜெட்டியிலிருந்து நேராக நிலையத்துக்கு வந்து, பெட்டியை வைத்துவிட்டுக் கடப்பாரையை எடுத்தார். நான் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். முதல் அடி இறங்கியது. மெல்லிய தகடு. சப்பென்று ஓர் ஓசை வந்தது, அவ்வளவுதான்.

அவர் இரண்டாம் அடி அடிக்கவில்லை. கடப்பாரையை உருவி, நுனியை முகர்ந்து பார்த்தார்.

"நம்ம டிரம் இல்லை இது, ஸ்டோர் சார்."

பதிவேட்டை மூடினேன்.

"எங்க போச்சு?"

சொன்னேன். ஏழு முறை கழுவியதையும் சேர்த்துச் சொன்னேன். திட்டுவார் என்று நின்றேன். அவர் கேட்டது வேறு.

"அங்க மழை ஆரம்பிச்சிருச்சா?"

போலீஸ் வயர்லெஸ்ஸில் கேட்டோம். இன்னும் இல்லை. கல்யாணம் என்றைக்கு? வரும் வியாழன். அடுத்த கப்பல் பத்து நாளைக்குப் பிறகு. மேடம் வனத்துறை ஆபீசுக்கு ஓடினார். ஞாயிறு விடியற்காலை மரக்கட்டை இழுக்கும் லாஞ்ச் ஒன்று வழியெங்கும் நின்று நின்று வடக்கே போகிறது என்று தெரிந்தது. ஓடுவதற்கு முன்னால் என்னிடம், "திக்லிபூர் அவுட்போஸ்ட்டுக்குச் செய்தி எழுதிக் குடுங்க. வீட்டுப் பெயரோட எழுதுங்க" என்றார்.

நான் எழுதிய செய்தி இது: போர்ட் பிளேரிலிருந்து கப்பலில் வந்த டிரம்மைப் பயன்படுத்த வேண்டாம்.

பெயரை எழுதவில்லை. எழுதினால் கல்யாண வீட்டு வாசலில் கான்ஸ்டபிள் போய் நிற்பான், அரசாங்கச் சாமான் திருட்டு என்று மாரிமுத்துவின் மச்சானைப் பிடித்துக்கொள்வான் என்று பயந்தேன். எனக்காகவும் பயந்தேன் என்பதை இப்போது எழுதலாம்.

மேடமும் நானும் அந்த லாஞ்சில் ஏறினோம். இரண்டாம் நாள், மேடம் கடலைப் பார்த்தபடி கேட்டார். "பெயர் எழுதினீங்கல்ல?"

"இல்லை, மேடம்."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு மடியில் இருந்த துணிப்பையைத் திறந்து, மாதிரி எடுக்கும் அளவுக்குப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து மறுபடி வைத்தார். அன்று மாலையே மழை பிடித்துக்கொண்டது. லாஞ்சின் மேல்தகட்டில் அது விழத் தொடங்கியபோது அவர் கண்ணை மூடிக்கொண்டதைப் பார்த்தேன்.

புதன்கிழமை முற்பகலில் போய்ச் சேர்ந்தோம். மழை விட்டிருந்தது. குடியிருப்புக்குள் நுழைந்ததும் எனக்கு ஏதோ குறைவதுபோல் பட்டது. சற்று நேரம் கழித்தே விளங்கியது. கூரைகள் சொட்டிக்கொண்டிருந்தன, மூங்கில்கள் நீரை ஊற்றிக்கொண்டிருந்தன, அவற்றின் கீழே ஒரு வீட்டிலும் டிரம் இல்லை. மண்பானை, சட்டி, வாளி என்று கிடைத்ததை வைத்திருந்தார்கள்.

என் செய்தியின் வேலை அது. திக்லிபூரில் இருக்கிற டிரம் எல்லாமே போர்ட் பிளேரிலிருந்து கப்பலில் வந்தவை. எல்லாமே ஏதோ ஓர் அரசாங்க யார்டிலிருந்து கைமாறி வந்தவையும்கூட. கான்ஸ்டபிள் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு போனதும், சர்க்கார் டிரம்களைப் பறிக்க வருகிறது என்று ஊர் முடிவு செய்துவிட்டது. இரண்டே நாளில் அத்தனை டிரம்மும் ஒளிந்துகொண்டன.

கல்யாண வீட்டில் பந்தல் போட்டிருந்தார்கள். மாரிமுத்துவின் அக்கா மேடத்தின் காக்கிச் சட்டையைப் பார்த்ததுமே கைகூப்பினார்.

"மேம்சாப், எங்க வீட்டுல டிரம்மே இல்ல. நாங்க கண்ணால கண்டதில்ல."

"அம்மா, உங்க மேல கேஸ் போட வரலை. அந்த டிரம் எங்க இருக்குன்னு மட்டும் சொல்லுங்க."

"இல்லாத டிரம்மை எங்கிட்டுப் போயிச் சொல்ல? வீட்டுக்குள்ள பூந்து தலாசி வேணா போட்டுக்கங்க."

மச்சான் என்னைப் பார்த்தார். ஐந்து நாளைக்கு முன் ஜெட்டியில் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டவர். சொல்லிவிடாதே என்று கண்ணாலேயே கெஞ்சினார். பந்தலில் இருபது பேராவது இருந்தார்கள். மேடமும் என்னைத்தான் பார்த்தார்.

"நான்தான் கொடுத்தேன்," என்றேன். "பாஷாணம் வந்த டிரம். திருட்டுத்தனமா எடுத்துக் கொடுத்தது நான். கழுவினா போயிடும்னு நெனச்சேன். போகாதுன்னு மேடம் சொல்றாங்க. கேஸ்னா என் மேலதான் வரும்."

உள்ளேயிருந்து மணப்பெண்தான் வெளியே வந்தாள். கையில் மருதாணி சிவந்திருந்தது.

"பின்னால இருக்கு. வாங்க."

தென்னங்கீற்றைப் போர்த்திக் கொல்லைக் கூரையடியில் சாய்த்திருந்தார்கள். மறைக்கும் அவசரத்தில் வாயை மூடவில்லை. முக்கால் டிரம் மழைநீர். வெளியே மஞ்சள் தடவி மூன்று பொட்டு வைத்திருந்தது.

"யாராவது குடிச்சீங்களா?"

"சீர் டிரம்மைப் பொண்ணு வீட்டுல தொடுவமா?" என்றார் அக்கா.

மேடம் ஒவ்வொருவரிடமாகப் போய்க் கேட்டார். சமையல்காரரிடம் கேட்டார். மாட்டுக்கு வைத்தீர்களா என்று கேட்டார். எல்லோரும் இல்லை என்றார்கள். கடைசியில் ராக்கு தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

"இரும்பு வாடை அடிக்குதான்னு நேத்து ஒரு கை அள்ளிப் பாத்தேன் மேம்சாப்."

"துப்பினியா, முழுங்கினியா?"

"முழுங்கிட்டேன்."

"ஒரு கைதானா?"

"ஆத்தா சத்தியமா ஒரே கை."

மேடம் அவள் கையைப் பிடித்துக் குழித்துக் காட்டச் சொன்னார். தம்முடைய குடிநீரை அதில் நிரம்ப ஊற்றி, அதை ஒரு சொட்டு சிந்தாமல் அளவுக்குப்பியில் வடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக் குறித்துக்கொண்டார். டிரம்மிலிருந்து இரண்டு குப்பி மாதிரி எடுத்தார். மீதி நீரை, கொல்லை மூலையில் கிணறும் கன்றும் இல்லாத இடமாகப் பார்த்துக் குழிவெட்டிச் சாய்க்கச் செய்தார். பிறகு கடப்பாரையை என்னிடம் நீட்டினார்.

"நீங்க போடுங்க."

"அய்யோ, கல்யாண டிரம்மை மஞ்சக் குங்குமத்தோட குத்துறீகளே, எம்மக வாழ்வாளா" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். பெண்கள் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். நான் அடித்தேன். அடியில் ஒன்று, வயிற்றில் ஒன்று, மூடியில் ஒன்று. நிலையத்தில் கேட்ட அதே தடித்த ஓசை.

மேடம் அதோடு விடவில்லை. உளி கேட்டு வாங்கி, டிரம்மின் அடித்தகடும் உடலும் சேரும் மடிப்பை விரற்கடை நீளத்துக்குப் பிளந்தார். தகடு இரண்டாக மடிந்து உட்கார்ந்திருக்கும் அந்த இடுக்கில், எந்தத் தேங்காய் நாரும் எட்டாத இடத்தில், ஈரமான வெள்ளைப் பசை நூல்போல் வளைந்து போயிருந்தது.

"ஏழு தடவை" என்றார். கேள்வியாகக் கேட்கவில்லை.

அக்காவும் பார்த்தார். அழுகையை நிறுத்தி மகளை இழுத்து அணைத்துக்கொண்டார்.

அடுத்த நாள் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளையின் தகப்பனார் முறைத்துக்கொண்டு, "டிரம் இல்லாத சீரா?" என்று கேட்டபோது மேடமே எழுந்து போய்ப் பதில் சொன்னார்.

"அடுத்த கப்பல்ல வரும். என் வீட்டு டிரம். அதுல தண்ணியைத் தவிர எதுவும் இருந்ததில்லை."

நான்கு நாள் அங்கேயே தங்கினார். காலையும் மாலையும் மணப்பெண்ணைப் போய்ப் பார்ப்பார். வயிறு எப்படி, வாய் எரிகிறதா, கால் மரத்துப் போகிறதா என்று கேட்பார். புது மாப்பிள்ளை இந்த அம்மாள் யார் என்று புரியாமல் ஒதுங்கி நிற்பான்.

திரும்பி வந்து மாதிரியைச் சோதித்தார். வெள்ளைக் காகிதத் துண்டில், பாஷாணம் இருப்பதைக் காட்டும் வெளிறிய மஞ்சள் கறை படிந்தது. அதை என் மேசைமேல் வைத்தார்.

"ஒரு கைன்னா ஒண்ணும் ஆகாதுன்னு புத்தகம் சொல்லுது. மழைக்காலம் பூரா குடிச்சிருந்தா என்ன ஆகும்னும் அதே புத்தகம் சொல்லுது."

"அப்ப ராக்குவுக்கு ஒண்ணும் ஆகாதுதானே, மேடம்?"

"புத்தகம் எழுதினவர் அந்தப் பொண்ணைப் பார்த்ததில்லையே" என்றார்.

தலைமை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிய அறிக்கையை நான்தான் தட்டச்சு செய்தேன். டிரம் காலியானது செவ்வாய். அன்றே ஓட்டை போடவில்லை. கப்பல் நேரத்தைக் காரணம் சொல்ல முடியாது. அந்த நான்கு நாளுக்குத் தாம் பொறுப்பு என்று எழுதியிருந்தார். டிரம் வெளியே போனதற்கும், செய்தியில் பெயரை விட்டதற்கும் ஸ்டோர் கீப்பர் பொறுப்பு என்று அடுத்த வரி. கேட்டு வாங்கியவர் மேல் தவறில்லை, டிரம் கேட்பது இங்கு வழக்கம் என்பது மூன்றாவது வரி. ஓர் எழுத்தை மாற்றும்படி நான் கேட்கவில்லை. எனக்குப் பணிப்பதிவில் எச்சரிக்கை வந்தது. அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு தள்ளிப்போனது.

டிரம் சொன்னபடி திக்லிபூர் போயிற்று. மறு மாசியில், குழாயடி வரிசையில் மேடமும் வாளியோடு நின்றார்.

"மேம்சாப், உங்க வாளியில ஓட்டை கீட்டை இருக்கப்போவுது, பாத்துக்கங்க" என்று யாரோ ஒருத்தி சீண்டினாள். வரிசை சிரித்தது. மேடம் நிஜமாகவே வாளியைத் தூக்கி அடியைப் பார்த்தார். "இல்லை" என்றார்.

சில ஆண்டுகளில் அவரை மெயின்லாந்துக்கு மாற்றினார்கள். எழுபதுகளில் நிலையத்தையே மூடினார்கள். பழைய பதிவேடுகளை எரிக்கச் சொன்னபோது டிரம் பதிவேட்டை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். இப்போதும் என்னிடம் இருக்கிறது. பக்கம் பக்கமாக ஒரே நாள், ஒரே நாள். ஒரு வரியில் மட்டும் இரண்டு தேதிகளுக்கும் நடுவே எட்டு நாள். அந்த வரியில் கையெழுத்து என்னுடையது. குறிப்பு என்ற கட்டத்தில் அவருடைய எழுத்து, அந்தப் பதிவேட்டிலேயே தமிழில் எழுதிய ஒரே இடம்: "ராக்கு. ஒரு கை." அதன் கீழே, வெவ்வேறு மைகளில், மாதம் ஒன்று, மாதம் ஆறு, ஆண்டு ஒன்று என்று தேதிகள். ஒவ்வொன்றுக்கும் நேரே "நலம்." ஓரிடத்தில் "பெண் குழந்தை. இருவரும் நலம்." கட்டம் போதாமல் எழுத்து ஓரத்துக்கு ஏறிப் போயிருக்கிறது.

மாற்றலாகிப் போன பிறகு ஒவ்வொரு வைகாசியிலும் ஒரு தபால் அட்டை வரும். "ராக்கு?" என்று ஒரு சொல்லும் கையெழுத்தும்தான் இருக்கும். மாரிமுத்துவிடம் விசாரித்து "நலம்" என்று பதில் எழுதுவேன். இரண்டாம் ஆண்டு என் பதிலுக்கு மறு அட்டை வந்தது. "நீங்கள் பார்த்தீர்களா?" அதிலிருந்து ஆண்டுக்கு ஒருமுறை கப்பலேறி நானே திக்லிபூர் போய்ப் பார்த்துவிட்டு எழுதினேன்.

ஓர் ஆண்டு அட்டை வரவில்லை. மூன்று தபால் கப்பல்கள் வந்து போயின. பழைய ஆய்வுக்கூட முகவரிக்கு நான் எழுதிய கடிதத்துக்கும் பதில் இல்லை. நான்காவது கப்பலுக்குக் காத்திருக்காமல் திக்லிபூர் போனேன்.

கூரையடியில் மேடத்தின் டிரம் நின்றது. துரு ஏறாமல் இருக்க வெளியே தார் பூசியிருந்தார்கள். மூங்கிலிலிருந்து அதில் மழைநீர் இறங்கிக்கொண்டிருந்தது. ராக்கு வயலிலிருந்து வந்து கையைக் கழுவினாள்.

"மேம்சாப் காயிதம் வந்துச்சா?"

"இந்த வருஷம் வரல."

வழக்கம்போல இரண்டு உள்ளங்கைகளையும் நீட்டினாள். மண்வெட்டி பிடித்த காய்ப்பு இருந்தது. வேறு புள்ளி, தடிப்பு எதுவும் இல்லை. நான் இரண்டு கைகளையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பி, மேடம் பார்க்கிற அளவு நேரம் பார்த்தேன்.

ஊர் திரும்பியதும் பதிவேட்டை எடுத்து, ஓரத்தில் மிச்சமிருந்த இடத்தில் அன்றைய தேதியிட்டு எழுதினேன்: "பார்த்தேன். நலம்."